இன்னார் மகள்

செப்டம்பர் 20, 2019. வெள்ளி
மழை, காற்று. துணியெல்லாம் கொடியில் ஊறுகிறது. கிளென்ஃபீல்ட் மால்: அரிசி, பால், விங்குக்குக் கறுப்பு முகமூடி.

விங் நம் கீழறையில் வாடகைக்கு இருக்கும் ஹாங்காங் பெண். ஞாயிறு இங்கே டவுனில் அவர்கள் ஊர்ப் போராட்டத்துக்கு ஆதரவுக் கூட்டம். பேசப் போகிறாள். முகத்தை மூடி, பெயர் சொல்லாமல். அப்பா அங்கே வாத்தியார், தெரிந்தால் வேலைக்கு ஆபத்து. அறிமுகம் செய்ய என்னைக் கேட்டாள். தமிழ்ச் சங்க விழாவிலெல்லாம் மைக் நான்தானே.

21, சனி
சாப்பிடும்போது என் வீட்டுக்காரர்: "நமக்கு எதுக்கு லா இந்த வம்பு? நம்ம ஊரு ஈப்போல இருந்தப்ப வாயத் தொறந்தோமா?"
திறக்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

விங்கின் அப்பாவும் இதே கட்சி. உரிமையெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு, நமக்குக் குடும்பம்தான் என்பாராம். இவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். அம்மா மட்டும் வாராவாரம் ஊர்வலத்தில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுக்கிறார்.
"எங்கம்மா படிச்சுத் தெரிஞ்சுக்கல அக்கா. பக்கத்து வீட்டுப் பையன போலீஸ் அடிச்சதப் பாத்தாங்க, அவ்வளவுதான்."

22, ஞாயிறு
நல்ல கூட்டம். எதிர்ப்பக்கம், போராட்டத்தைப் பிடிக்காதவர்கள் சிலர் போனில் படம் பிடித்தபடி. மைக்கை வாங்கினேன். நாக்கில் சனி. மேடையில் ஒருவரை அறிமுகம் செய்தால் யார் மகள், எந்த ஊர் என்று சொல்லாவிட்டால் நமக்கு மரியாதைக் குறைவு. சொல்லிவிட்டேன். அவள் பெயர், அப்பா பெயர், ஹாங்காங்கில் ஷா டினில் வாத்தியார் என்பது வரை. ஐயோ.

விங் என்னைப் பார்த்தாள். முகமூடியைக் கழற்றினாள். பேசினாள். ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை.
திரும்பும்போது பாலம் முழுக்கக் கார் வைப்பர் சத்தம்.
வீட்டுக்காரர்: "உன்ன யாரு அப்பா பேரச் சொல்லச் சொன்னா?"

23, திங்கள்
லீவு போட்டேன். வீடியோ பரவிவிட்டது. விங் கதவைத் திறக்கவில்லை. வாசலில் வைத்த கஞ்சி ஆறிப்போய் அப்படியே. மன்னிப்புக் கேட்க எனக்கு மூஞ்சி இல்லை. அந்த மனுஷன் வேலை போனால் என்னால்தான்.

24, செவ்வாய்
வெயில். துணி காய்ந்தது.
மாலை விங் மேலே வந்தாள். அப்பா போன் பண்ணினாராம், பல மாதத்துக்குப் பிறகு. தலைமை ஆசிரியர் கூப்பிட்டு வீடியோவைக் காட்டி, இது என் மகள் இல்லை என்று எழுதிக் கொடுங்கள், விட்டுவிடுகிறோம் என்றிருக்கிறார்.
"அப்பா என்ன சொன்னாரு?"
"'என் பொண்ணுதான். அவ பேசுனதுல என்ன தப்பு, காட்டுங்க'ன்னாராம்."

வேலை என்னாகும், தெரியாது. இந்த ஞாயிறு அப்பாவும் அம்மாவோடு ஊர்வலத்துக்குத் தண்ணீர் தூக்கப் போகிறாராம்.
நான் அழுதேன். அவள் அழவில்லை. என் மேல் இன்னும் கோபம்தான்.
கஞ்சி இருக்கா என்று மட்டும் கேட்டாள்.