திடப்படுத்தல் வகுப்பில் ஒரு கேள்வி

அன்புள்ள அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் சுகம். இதோடு வைத்திருக்கும் என் படத்தைப் பார்த்து மெலிந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள், முடியைத்தான் வெட்டியிருக்கிறேன்.

லுத்தரன் சபையில் வாலிபப் பிள்ளைகளுக்குப் போதிக்கும் என் பயிற்சியில், சென்ற ஞாயிறு முதல்முறையாக, சபை முன்னால் விசுவாசத்தை அறிக்கையிடப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பை என்னிடம் விட்டார்கள். மனப்பாடப் பதில்களைக் கேட்டு முடிப்பதுதான் வேலை. ஒரு பெண் மடமடவென்று ஒப்பித்துவிட்டு, "அக்கா, நாம ஜெபம் பண்றது கடவுளுக்குக் கேக்குதுன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்றாள். என் வாய் என்னைக் கேட்காமலே, "சில நாள் தெரியல" என்று சொல்லிவிட்டது.

அவ்வளவுதான். அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து கவனித்த போதகர் பிறகு என்னிடம், "இப்படி ஒரு வகுப்பு நான் பாத்ததே இல்லம்மா. ஆனா இனிமே அப்படிச் சொல்லாதீங்க" என்றார். பாராட்டினாரா, கண்டித்தாரா? யோசித்து யோசித்து மண்டை காய்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வரும் ஞாயிறும் அந்தப் பெண் முன்வரிசையில்தான் உட்காருவாள்.

அலமாரியில் இருக்கும் உங்கள் பழைய போர்வையை அனுப்புங்கள். புதிது வாங்க வேண்டாம்.

பஸ் வந்துவிடும், முடிக்கிறேன். இன்னொன்று. ஞாயிறு பள்ளியில் எனக்கு நீங்கள்தானே டீச்சர்? எங்களையெல்லாம் முழங்கால்படியிட்டு ஜெபிக்க வைத்தீர்களே, அப்போது உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்ததா, அம்மா? அப்பா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் பதில் எழுதுங்கள்.

உங்கள் மகள்