தராசு என்று பிடிபட்ட சதுரங்கக் கடிகாரங்கள்

அனுப்புநர்:
ஹெசக்கியா கபாசோ,
தலைவர், முசோலே இளையோர் சதுரங்கக் குழு,
படகுத்துறைத் தெரு, முசோலே,
லுவாபுலா மாகாணம், சாம்பியா.

பெறுநர்:
மாவட்ட ஆணையர் அவர்கள்,
மாவட்ட ஆணையர் அலுவலகம், முசோலே.

பொருள்: பதினான்கு வயதுக்குட்பட்டோர் சதுரங்கப் போட்டிக்கான பன்னிரண்டு கடிகாரங்களையும், நுழைவுக் கட்டணமாகப் பெற்ற கருவாட்டையும் மீன்வளத் துறையினர் பறிமுதல் செய்தது; அவற்றை உடனே விடுவிக்கக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது தங்கள் அலுவலகத்துக்கு நான் எழுதும் மூன்றாவது மனு. முதல் மனு விளையாட்டுப் பிரிவுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். இரண்டாவது மனு முதல் மனுவைத் தேடிப் போயிருப்பதாகச் சொன்னார்கள். ஆகவே இதை நானே கையில் எடுத்து வந்திருக்கிறேன். தாங்கள் வெளியே சென்றிருந்தால் வரும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு எழுபத்தொரு வயது. உட்காருவது எனக்கு ஒரு சிரமமே இல்லை.

2. வருகிற ஜனவரி பதினொன்றாம் தேதி மன்சாவில் மாகாணப் போட்டி நடக்கிறது. அதற்குப் பிள்ளைகளை அனுப்ப விரும்பும் மாவட்டம், தன் போட்டியை ஜனவரி நான்காம் தேதிக்குள் முடித்துவிட வேண்டும். கடிகாரம் வைத்து ஆடாத ஆட்டத்தின் முடிவை மன்சாவில் ஏற்க மாட்டார்கள். நம் மாவட்டத்திலிருந்து இதுவரை ஒரு பிள்ளைகூட அங்கே போனதில்லை. இம்முறை ஏரித் தீவுகளையும் சேர்த்து நாற்பது பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

3. செலவு பெரிதல்ல. தீவுப் படகுகளுக்கு எண்ணெய், இரண்டு நாள் மரவள்ளிக் களியும் குழம்பும், வென்றவர்களுக்கு மன்சா போய்வரப் பேருந்துக் கட்டணம், அவ்வளவுதான். நகராட்சியில் விளையாட்டுக்கென இருக்கும் எழுத்தரிடம் கேட்டேன். அவர் தந்த பதிலைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்: "காசெல்லாம் கால்பந்துக்குத்தான் தாத்தா. சதுரங்கத்துல எவன் ஓடுறான், எவனுக்கு வேர்க்குது? உக்காந்து ஆடுறதுக்கு என்ன செலவு?"

4. பெற்றோரிடம் அப்போது காசு இல்லை. ஆனால் நவம்பரில் எல்லார் வீட்டுக் கூரையிலும் மீன் காய்ந்துகொண்டிருந்தது. ஆகவே ஒரு பிள்ளைக்கு ஒரு கட்டுக் கருவாடு நுழைவுக் கட்டணம் என்று அறிவித்தேன். டிசம்பரில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் கருவாடு இரண்டு மடங்கு விலைக்குப் போகும் என்பது இவ்வூர்க் குழந்தைக்கும் தெரியும். அப்போது விற்றால் போட்டிச் செலவு முழுவதும் கைக்கு வந்துவிடும், யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. இதில் என்ன குற்றம் என்று இன்றுவரை எனக்கு யாரும் விளக்கவில்லை.

5. தடைக்கு முன்பே பிடித்த மீனுக்கு மீன்வளத் துறையிடம் சீட்டு வாங்கி வைக்க வேண்டும் என்பது விதி. நான் நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவன். சதுரங்கத்தை ஒரு கிழிந்த புத்தகத்திலிருந்து நானே கற்றேன். விதிகளையும் அத்துறையின் அலுவலகச் சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்த்து நின்றபடியே படித்தேன். நவம்பர் கடைசி வாரத்தில் சீட்டுக் கேட்டுப் போனேன். மீன்வள அலுவலர் திரு. சிபுயே சிரித்தார். "சதுரங்கக் கட்டணத்துக்கெல்லாம் இங்க சீட்டு கிடையாது தாத்தா. வியாபாரிக்குத்தான் சீட்டு. நீங்க வியாபாரியா? போங்க, போய்க் குதிரையை நகத்துங்க" என்றார். நான் திரும்பி வந்தேன்.

6. டிசம்பர் பதினான்காம் தேதி அந்தக் கருவாட்டுக் கட்டுகளை ஒன்பது மூட்டைகளாக்கிச் சந்தைக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோனேன். அக்கரையில் உள்ள மிஷன் பள்ளி என் வாக்கை நம்பி இரவல் தந்த கடிகாரப் பெட்டியும் அன்றுதான் படகில் வந்து சேர்ந்தது. அதையும் அதே வண்டியில் வைத்திருந்தேன். படகுத்துறை வாயிலில் அதே திரு. சிபுயே வண்டியை மறித்துச் சீட்டு எங்கே என்று கேட்டார். அவர் தர மறுத்த சீட்டு அது என்று சொன்னேன். பிறகு பெட்டியைத் திறக்கச் சொன்னார். சதுரங்கக் கடிகாரத்தில் ஆளுக்கொன்றாக இரண்டு முகங்கள் இருக்கும் என்பது தாங்கள் அறிந்ததே. அவர் அறியவில்லை. "இதென்ன தராசுக்கு ரெண்டு மூஞ்சி? விக்கிறவனுக்கு ஒண்ணு, வாங்குறவனுக்கு ஒண்ணா? வெள்ளை முடியை வெச்சுக்கிட்டு என்ன வேலை பாக்குறீங்க தாத்தா!" என்றார். அங்கே கிழங்கு விற்றுக்கொண்டிருந்த பெண், "அண்ணே, அதுல கருவாட்டை எந்தப் பக்கம் வைக்கணும்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள். படகுத்துறை முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்புதான் எனக்கு வினையாயிற்று என்று நினைக்கிறேன். விளக்குவதற்காக ஒன்றுக்குச் சாவி கொடுத்துக் காட்டினேன். அது ஓடத் தொடங்கியதும் அவர் இரண்டடி பின்னால் போய், "சத்தம் வேற போடுதா? எல்லாத்தையும் ஏத்துடா வண்டியில" என்று உடன் வந்த காவலாளிக்கு உத்தரவிட்டார்.

7. எனக்குத் தந்த பறிமுதல் சீட்டில் 'இருமுகத் தராசு, பன்னிரண்டு' என்று எழுதியிருக்கிறது. நகல் இணைத்துள்ளேன். கடிகாரத்தின் படத்தையும் வரைந்து இணைத்துள்ளேன். கருவாடு வைக்க அதில் இடமில்லை என்பதைத் தாங்களே காணலாம். நீதிபதி பிப்ரவரியில்தான் இந்தப் பக்கம் வருவாராம். அதுவரை சாட்சிப் பொருளை வெளியே விட முடியாதாம். ஆனால் சாட்சிப் பொருள் தானாகவே வெளியேறிக்கொண்டிருக்கிறது. சீட்டில் ஒன்பது மூட்டைக் கருவாடு. சென்ற செவ்வாயன்று மீன்வளத் துறைக் கிடங்கின் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், ஏழுதான் இருந்தன. எலி என்றார்கள். கருவாட்டைத் தின்னும் எலியை நான் பார்த்திருக்கிறேன். சாக்கையும் சேர்த்துத் தூக்கிப்போகும் எலியை இந்த வயதில்தான் கேள்விப்படுகிறேன்.

8. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இவ்வூரில் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் கருவாட்டுக் கட்டைத் தங்கள் பழைய துணியின் கிழிசலால்தான் கட்டுவார்கள். கட்டைப் பார்த்தே வீட்டைச் சொல்லிவிடலாம். பிடிபட்டவற்றில் பச்சையும் மஞ்சளுமான துணியால் கட்டிய ஒன்று திருமதி சிபுயே தந்தது. அலுவலரின் மகனும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். அந்த மீன் எப்போது பிடித்தது என்று அலுவலர் தன் வீட்டில் கேட்டிருந்தால் வழக்கு அடுப்படியிலேயே முடிந்திருக்கும். அந்த அம்மாளிடம் நான் கேட்டேன். "நவம்பர் மீனுதான், நான்தான் கொடுத்தேன்னு அன்னைக்கே சொல்லிட்டேன் தாத்தா. ஆபீஸ் விஷயத்துல வாயைத் தொறக்காதேன்னுட்டாரு. சரின்னு நானும் தொறக்கல. அன்னையிலேருந்து வெறும் களிதான் போடுறேன், குழம்பு கிடையாது" என்றார். அரசாங்கத்தின் தரப்பிலிருந்து எனக்கு இதுவரை கிடைத்த நியாயம் இது ஒன்றுதான்.

9. ஊரில் என் பெயர் கெட்டுவிட்டது. "கருவாடு கபாசோ தாத்தாவுக்கு, கட்டம் பிள்ளைங்களுக்கு" என்று சந்தையில் பாடுகிறார்கள். பாடட்டும். ஆனால் நசிலா தீவிலிருந்து ஒருவர் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தார். லோம்பே என்ற பெண்ணின் தகப்பனார். தடைக்காலத்தில் வீட்டுக்கென வைத்திருந்த மீனில் பெரியதாகப் பார்த்துக் கட்டி அனுப்பியவர். லோம்பே நான் பார்த்த பிள்ளைகளிலேயே சிறந்த ஆட்டக்காரி. என்னை மூன்று முறை தோற்கடித்திருக்கிறாள், நான் விட்டுக்கொடுக்கும் ஆள் இல்லை. அடுத்த ஆண்டு அவள் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். தகப்பனார் சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று எண்ணிப் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவரோ, "மீனு போனாப் போகுது பெரியவரே. பிள்ளையை என்னைக்குக் கூட்டியாரணும்? தேதியைச் சொல்லுங்க" என்றார். வைத்திருந்த பதில் ஒன்றும் உதவவில்லை. இரண்டு நாளில் சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

10. அடுத்த ஆண்டு நடத்திக்கொள்ளலாமே என்று தங்கள் அலுவலகத்தில் அறிவுரை சொன்னார்கள். நடத்த மாட்டேன். இந்த ஆண்டுதான் நடத்துவேன்.

11. ஆகவே கடிகாரங்களை உடனே விடுவிக்கவும், மிஞ்சியிருக்கும் கருவாட்டையாவது எடையிட்டுத் திருப்பித் தரவும் தாங்கள் உத்தரவிட வேண்டும். எடையிட உண்மையான தராசு ஒன்றை நான் கொண்டுவருகிறேன். சட்டம் அதற்கு இடம் தரவில்லை என்றால் வேறொரு வழியும் இருக்கிறது. சாட்சிப் பொருள் கிடங்கை விட்டு வெளியேறக் கூடாது என்றுதான் சொல்கிறார்கள். அதற்குச் சாவி கொடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளைகளைக் கிடங்குக்குள் அனுமதியுங்கள். மேசை, நாற்காலிகளைத் தேவாலயத்திலிருந்து நாங்களே சுமந்து வருவோம். கூரை ஒழுகும் இடத்தில் என் நாற்காலியைப் போட்டுக்கொள்கிறேன். திரு. சிபுயே இரண்டு நாளும் கூடவே இருந்து கடிகாரங்களைக் காவல் காக்கலாம். அவர் மகன் ஆடுவதையும் பார்க்கலாம். மதியம் குழம்புடன் களி உண்டு.

12. தங்கள் பதில் எதுவாக இருந்தாலும் ஒன்றைத் தெரிவிப்பது என் கடமை. நசிலா படகு ஜனவரி மூன்றாம் தேதி விடிந்ததும் புறப்படும். லோம்பேயின் தகப்பனாருக்குத் தேதியைச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

இடம்: முசோலே
நாள்: 27.12.2019

பதிலைக் கையோடு வாங்கிப்போக வாசலில் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ஹெசக்கியா கபாசோ