அஸ்திப் பெட்டி, நான்காவது மாதிரி

அக்டோபர் 22, புதன்

காலையிலிருந்து தூறல். பீன்யாவில் ஃபேக்டரி போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். செருப்பு நாசம்.

மூன்றாவது மாதிரி முடிந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மூடிக்கடியில் ரப்பர் வளையம், மூன்று முள் பூட்டு. ஒருமுறை அழுத்தினால் முள் உள்ளே விழும். அப்புறம் கட்டிங் மெஷின் வைத்தால்தான் திறக்கும். கனகபுரா பக்கம் வரப்போகும் நினைவுத் தோட்டத்துக்கு. சாம்பலோடு நான்கு அடி ஆழத்தில் புதைப்பார்களாம். இத்தனை பூட்டு எந்தத் திருடனுக்கு என்று கேட்டேன். முதலாளி மஞ்சுநாத் சார் சிரித்தார்.

"சாம்பலுக்கு எந்தக் கள்ளன் வர்றான்மா? சொந்தக்காரங்கதான் வருவாங்க. உனக்கு பாதி எனக்கு பாதின்னு."

செய்ய வேண்டியவை: மூடி வரைபடம் திருத்தம். ரப்பருக்குப் புது சப்ளையர். பேக்கரியில் விறகுச் சாம்பல் (சோதனைக்கு, சாக்பீஸ் தூள் கலந்தால் அஸ்தி எடை வருகிறது). அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை.

அப்பா இன்னும் என் ஆபீஸ் மேஜைக்கடியில். மண்கலயம், சிவப்புத் துணி. எரித்து ஒரு மாதம் ஆயிற்று. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கரைக்க வேண்டுமாம், யாரும் போகவில்லை. அம்மா ஜீவனஹள்ளி வீட்டுக்குள் விடவில்லை. பதினோரு வருஷமாக வாசல் மிதிக்காத ஆள் இப்போது எதற்கு என்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. எனக்கும்தான்.

அக்டோபர் 24, வெள்ளி

வெயில், பிறகு மழை. கேட்டில் ஸ்டெல்லா. அப்பா அந்தப் பதினோரு வருஷமும் இருந்தது ஜோகுபாளையத்தில் இவள் வீட்டில்தான்.

மீட்டிங்கில் இருக்கிறேன் என்று செக்யூரிட்டியிடம் சொல்லச் சொன்னேன். மீட்டிங் எதுவும் இல்லை. ஜன்னலில் நின்று பார்த்தேன். நாற்பது நிமிடம், குடையில்லாமல், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு. டீ குடித்துவிட்டு இறங்கினேன்.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். தன் அம்மா கல்லறையில் சேர்த்துவைக்க ஒரு பிடி சாம்பல் கேட்கிறாள். ஃபாதர் சரி சொல்லிவிட்டாராம். அப்பா இறந்த அன்றைக்கே புதைக்கத்தான் கெஞ்சினாள். நாங்கள் இந்து, எரிப்போம் என்றேன். பொய். கோலார் தங்க வயலில் எங்கள் தாத்தா, பெரியப்பா எல்லாரையும் புதைத்ததுதான். அவளுக்கு மெழுகுவத்தி ஏற்ற ஓர் இடம் இருக்கக் கூடாது என்றுதான் எரித்தேன். இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

"ஒரு பிடி போதும் கண்ணு. மிச்சம் உங்களுக்குத்தான்."

திங்கட்கிழமை வரச் சொன்னேன்.

அக்டோபர் 27, திங்கள்

மேகமூட்டம். கழுத்து வலி.

ஒரு பிடி எதற்கு, முழுசாகவே கொடுத்துவிட்டேன். மூன்றாவது மாதிரி. உள்ளே பேக்கரிச் சாம்பலும் சாக்பீஸ் தூளும், இரண்டரை கிலோ, சோதனைக்கு வைத்திருந்தது மொத்தமும். அவள் வருவதற்கு முன்பே பூட்டியாயிற்று. இனி எவள் திறந்து பார்ப்பது?

பெட்டியை மடியில் வைத்து முந்தானையால் துடைத்தாள். "கனமா இருக்காரு" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சிரித்துவிடுவேனோ என்று இருமினேன். ஆட்டோ கூடப் பிடித்துக் கொடுத்தேன்.

மதியம் பிரியாணி. நல்ல பசி.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை. நான்காவது மாதிரி தயார். வெள்ளிக்கிழமை தோட்டத்துக்காரர்கள் வருகிறார்கள். மூன்று நாள் தண்ணீரில் மூழ்க வைத்து, அவர்கள் முன்னால் வெட்டி, உள்ளே காய்ந்தபடி இருப்பதைக் காட்ட வேண்டும். இன்றே தொட்டியில் இறக்கியாக வேண்டும். சாம்பல் இல்லை. பேக்கரிக்காரர் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறார், கடை பூட்டு.

மேஜைக்கடியில் இரண்டரை கிலோ இருந்தது.

ரொம்ப யோசிக்கவில்லை. மூன்று நாள்தானே, வெட்டியதும் திரும்பக் கலயத்தில் போட்டுவிடலாம். வீட்டுக்கு ஒன்றும் செய்யாத மனுஷன், எனக்கு இதையாவது செய்யட்டும்.

அக்டோபர் 31, வெள்ளி

தொட்டியிலிருந்து தூக்கியபோதே தெரிந்தது. எடை கூடியிருந்தது. வெல்டர் பாஷா வெட்டினார். உள்ளே சேறு. ரப்பர் வளையம் விலகியிருக்கிறது. நான் தேர்ந்தெடுத்த சப்ளையர், நான் வரைந்த மூடி.

தோட்டத்துக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே என்ன போட்டிருந்தாய் என்றார் மஞ்சுநாத் சார். பேக்கரிச் சாம்பல் என்றேன். ஹோஸ் வைத்து அடிக்கச் சொன்னார்.

வெள்ளையாக ஓடியது. சாக்கடைக் கம்பி வலையில் எலும்புத் துண்டு ஒன்று, நகம் அளவு, சிக்கி நின்றது. பாஷா காலால் தள்ளிவிட்டார். நிறுத்துங்கள் என்றால் ஏன் என்று கேட்பார்களே. பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாப்பிடவில்லை. கலயத்தைக் குப்பையில் போட்டேன். பயமாக இருக்கிறது, எதற்கென்று தெரியவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

நல்ல வெயில். பெட்டியை இறக்கியாயிற்று, திருநாளுக்கு வாருங்கள் என்று நேற்று அம்மாவுக்கு ஸ்டெல்லா ஃபோன் செய்திருக்கிறாள். காலையில் எழுந்து பார்த்தால் அம்மா தலைக்குக் குளித்துப் புடவை மாற்றி உட்கார்ந்திருக்கிறாள். வேண்டாம் என்றேன். கூட்டம் என்றேன், பிரஷர் என்றேன். கேட்கவில்லை.

கல்லறைத் தோட்டம் முழுக்க சாமந்தி, மெழுகுவத்திப் புகை. ஸ்டெல்லாவின் அம்மா கல்லறை, புதுசாகச் சுண்ணாம்பு அடித்தது. அதில் அப்பா பெயர், கருப்பு பெயிண்டில். கீழே 'மனைவி சரோஜா'. அது அம்மா. ஸ்டெல்லா தன் பெயரை எங்கும் எழுதவில்லை.

அம்மா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மண்ணை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, சத்தமாக, நான் கேட்டேயிராத அழுகை. ஸ்டெல்லாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டார்கள். நான் மெழுகுவத்தி வாங்கப் போவதுபோல் விலகிப் போனேன்.

திரும்பி வந்தபோது அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பேசி முடித்துவிட்டார்களாம், இடம் இருக்கிறதாம்.

"நான் போனா என்னையும் எரிச்சுடு. இதே மாதிரி பெட்டி ஒண்ணு செஞ்சு, அவர் பக்கத்துல இறக்கிடு. வேற யாரும் வேணாம், நீயே உன் கையால செய்யணும்."

செய்கிறேன் என்றேன்.