முதல் பறிப்பின் சாம்பிள்

அஸ்தினாபுரம்,
வியாழக்கிழமை மாலை.

அன்புள்ளவருக்கு,

சத்யா எழுதுவது. நானும் தமிழினியும் நலம். உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் பரவாயில்லை என்பீர்கள்; அதை நான் நம்பப் போவதும் இல்லை.

பக்கத்துத் தோட்டத்துச் சின்னப்பன் அண்ணன் பம்மலில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறார். நாளைக் காலை கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறுகிறார். சனிக்கிழமை இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்துவிடும். தோட்டத்தில் சிக்னல் கிடையாது. ஞாயிறுதோறும் நீங்கள் தாண்டிக்குடி கடைவீதிக்கு வந்து பேசும்போது பக்கத்தில் நாலு பேர் நிற்கிறார்கள். இது நாலு பேர் நடுவில் சொல்கிற விஷயம் இல்லை. முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படுங்கள்.

திங்கட்கிழமை தோட்டத்தை விற்கிற பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் காப்பியில் எந்தக் குறையும் இல்லை. அதைக் கெடுத்தது நான்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு துணிப்பையில் இரண்டு கிலோ சாம்பிள் அனுப்பினீர்களே, படப்பையில் காப்பி வறுக்கும் எழிலிடம் உடனே சேர்க்கச் சொல்லி. நான் உடனே சேர்க்கவில்லை. வேலையை விட்டுவிட்டு மூன்று வருடம் அந்த மண்ணோடு மல்லுக்கட்டி, பழுத்த பழமாகப் பார்த்துப் பறித்து, தோல் நீக்கி, ஊறவைத்துக் கழுவி, பனி விழும்போதெல்லாம் ஓடி ஓடித் தார்ப்பாய் போட்டுக் காயவைத்தது. நீங்களே சொந்தமாகப் பதப்படுத்திய முதல் பறிப்பு. அதைச் சாமிக்குக் காட்டாமல் கடைக்காரனிடம் நீட்ட மனசு வரவில்லை. பூஜை அலமாரியில் ஆறு நாள் வைத்திருந்தேன். சந்தனம், சாம்பிராணி, போதாக்குறைக்கு மூடி உடைந்த கற்பூர டப்பா. எல்லாம் அந்தப் பைக்கு ஒரு சாண் தூரத்தில்.

கற்பூரம் உருகாமலே ஆவியாகும் என்று பதினெட்டு வருடமாகப் போர்டில் எழுதிப்போட்டு, பிள்ளைகளைப் பத்து தடவை எழுதவைக்கிற கெமிஸ்ட்ரி டீச்சர் நான். சொன்னால் வெட்கக்கேடு. காப்பிக்கொட்டை பக்கத்தில் இருக்கிற வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும் என்று நீங்களும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறீர்கள். சாமிக்கு முன்னால் வைக்கும்போது அதெல்லாம் எனக்கு ஞாபகமே வரவில்லை.

எழில் வறுத்துச் சுவைத்துப் பார்த்துவிட்டு, மருந்து வாடை அடிக்கிறது, வேண்டாம் என்று உங்களுக்குச் செய்தி அனுப்பினான். நீங்கள் என்னிடம் போனில், முப்பத்தாறு மணி நேரம் ஊறவைத்தது என் தப்பு, கை பழகவில்லை, இந்த வேலை எனக்கு வராது என்றீர்கள். உங்கள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. அடுத்த நாளே உங்கள் தம்பி கூட்டிவந்த ரிசார்ட்காரருக்குத் தோட்டத்தைக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டீர்கள்.

மிச்ச சாம்பிளை எழில் குரோம்பேட்டைக்கு வந்தபோது பள்ளியிலேயே என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். லேபில் வைத்துப் பையைத் திறந்தேன். குப்பென்று கற்பூரம். வீட்டில் அந்த வாசனையிலேயே இருப்பதால் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

இனிமேல் எழுதுவதுதான் கஷ்டம். பையைத் திறந்தது போன வாரம் செவ்வாய்க்கிழமை. இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. நடுவில் ஞாயிற்றுக்கிழமை உங்களோடு பேசினேன். தமிழினிக்குப் பிளஸ் டூ மாடல் எக்ஸாம் என்றேன், தெருவில் வடிகாலுக்குத் தோண்டிப்போட்டு ஸ்கூட்டர் எடுக்க முடியவில்லை என்றேன். இதை மட்டும் சொல்லவில்லை. தோட்டம் போனால் நீங்கள் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள் என்று இருந்தது எனக்கு. மூன்று வருடமாகத் தனியாக இந்த வீட்டை இழுத்துக்கொண்டு அலுத்துவிட்டது. உண்மை அதுதான்.

நேற்று தமிழினி, அப்பா அலமாரியில் பாதியை எனக்குக் கொடு, அவர் வந்தால் காலி செய்து கொடுக்கிறேன் என்று கேட்டாள். சரி என்று உங்கள் பழைய ஆபீஸ் சட்டைகளை எடுத்து மடித்தேன். இதைப் போட்டுக்கொண்டு நீங்கள் மறுபடி யாரிடமாவது வேலை கேட்டு நிற்பீர்கள், அதுவும் செய்யாத தப்புக்காக என்று தோன்றியது. என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. சட்டைகளை அப்படியே வைத்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

படப்பைக்குப் போய் எழிலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தலையில் அடித்துக்கொண்டு, "இன்னாக்கா, பேஜார் பண்ணிட்டீங்களே! அதே சரக்குல புச்சா அரை கிலோ எடுத்தாரச் சொல்லுங்க, காத்து போவாத கவர்ல. நல்லா கீதுன்னா மொத்தத்தையும் நானே எடுத்துக்கறேன்" என்றான். நன்றாக இருந்தால் என்றுதான் சொல்லியிருக்கிறான். அதற்கு மேல் அவனிடம் வாக்கு வாங்க முடியவில்லை, கேட்கவும் இல்லை.

அதனால் சொல்வதைச் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமையே சாம்பிளைக் கட்டிப் பஸ்ஸில் கொடுத்துவிடுங்கள். துணிப்பை வேண்டவே வேண்டாம். திங்கட்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டேன். கிளாம்பாக்கத்தில் நானே வாங்கிக்கொண்டு நேரே படப்பைக்குப் போவேன். அது நம் வீட்டு வாசலைக்கூட மிதிக்காது. உங்கள் தம்பிக்குப் போன் செய்து பதிவு இல்லை என்று நானே சொல்லிவிட்டேன். அண்ணி இதில் ஏன் தலையிடுகிறீர்கள் என்றார். தலையிட்டதால் வந்த வினையைத்தான் தீர்க்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நீங்கள் சங்கடப்பட வேண்டாம். கெட்ட பெயர் என்னோடு போகட்டும்.

எழில் இந்தத் தடவையும் வேண்டாம் என்றால் அடுத்த பறிப்புக்கு வேறு விதமாகச் செய்துபாருங்கள். இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன். அலுப்பு என்று எழுதினேனே, அது அலுப்புதான், வேறொன்றும் இல்லை. ஒரு நாள் லீவில் சரியாகிவிடும்.

இத்தனை நாளும் விளக்கேற்றும்போது உங்களைத் திருப்பி அனுப்பச் சொல்லிச் சாமியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். நேற்று படப்பையிலிருந்து வந்ததும் முதல் வேலையாக அந்த வேண்டுதலை வாபஸ் வாங்கிவிட்டேன். நீங்கள் அங்கேயே இருங்கள். நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள்
சத்யபிரியா