இடது ஓரத்தில் ஓர் இடம்

2016 மார்ச் 13, ஞாயிறு

வெயில் இருந்தும் குளிர். மைதானத்தின் வடக்கு மூலையில் பனி இன்னும் உருகவில்லை, அந்தப் பக்கம் ஓடும்போதெல்லாம் கால் வழுக்கியது. ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. இடைவேளைக்குப் பிறகு கொஞ்ச நேரம் ஆடினேன், அப்புறம் வெளியே எடுத்துவிட்டார்கள். பலகையில் என் எண் தெரிந்ததும் கைதட்டினார்கள். எனக்கா, எனக்குப் பதிலாக உள்ளே போன லுமீருக்கா? அவனுக்குத்தான். அவன் இந்த ஊர்க்காரன். நான் வருவதற்கு முன்னால் இடது ஓரம் அவனுடையது.

இந்த நாட்டில் இரண்டாம் பிரிவு கால்பந்து ஆட்டங்கள் ஞாயிறு காலையில் நடக்கும். பார்க்க வருகிறவர்கள் கையில் பீரும் வறுத்த சாசேஜுமாக உட்கார்ந்திருப்பார்கள். சீனாவில், எங்கள் ஊர் தாலியானில் அப்போது மாலை. அப்பா சாப்பாட்டு மேசையை டிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டு, கீழ் வீட்டு யூ மாமாவையும் பிடித்து உட்கார வைத்துவிடுவார்.

குளித்து முடிப்பதற்குள் அப்பாவின் போன்.

"டிவியில ஆட்டத்தைச் சொல்ற ஆள் உன் பேரை என்னடா அப்படிச் சொல்றான்? மோ ஹான்னு சொல்லாம மூ... ன்னு இழுக்கறான். மாடு கத்தற மாதிரி இருக்கு."

"அவங்களுக்கு வாய்ல வராதுப்பா."

"வரவெச்சுக்கணும். சரி, அந்த உயரமானவனைத் தாண்டிப் போனே பாரு, யூ மாமா எழுந்த வேகத்துல என் பீரைக் கொட்டிட்டான். நாளைக்கு அவன் வாங்கித் தரணும்."

கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்த மனிதர். கண் பாதி போய்விட்டது. ஆனாலும் நான் எத்தனை முறை பந்தைத் தவறவிட்டேன் என்பது மட்டும் அவருக்குத் துல்லியமாகத் தெரியும். இன்று அதைச் சொல்லவில்லை. சந்தோஷமாக இருந்தார்.

மார்ச் 17

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

பயிற்சி முடிந்து உடைமாற்றும் அறையில் லுமீரும் நானும் மட்டும்தான். ஞாயிறு ஆட்டத்துக்கும் அவனுக்கு வெளி பெஞ்சுதான் என்று சற்று முன்புதான் சொல்லியிருந்தார்கள். காலணியை அவிழ்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினான்.

"உன் மேல எனக்குக் கோபம் இல்ல. நீ நல்லவன். ஆனா ஒண்ணு. இங்க ஆடறது நீ இல்ல. உன் நெஞ்சுல எழுதியிருக்கே, அந்த ஏசி கம்பெனி. அதுதான் ஆடுது."

எங்கள் தாலியான் கம்பெனி. இந்த கிளப்புக்குப் பணம் கொடுப்பது அதுதான். சீனாவிலிருந்து ஓர் ஆட்டக்காரன் வேண்டும் என்று அவர்கள் கேட்டது எனக்குத் தெரியும். உடம்பு சரியாக இருக்கும் வரை அவன் ஒவ்வொரு ஆட்டத்திலும் முதலில் இறங்க வேண்டும், இரண்டாம் பாதியிலும் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் போட்டிருப்பது எனக்குத் தெரியாது.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"உனக்கும் தெரியும்னுதான் நெனச்சோம்," என்றான். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தான். உடனே தலையைக் குனிந்துகொண்டான்.

மார்ச் 18

பயிற்சியில் யாரோடும் பேசவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மார்ச் 21

பயிற்சியாளர் வோந்த்ராவின் அறைக்குப் போனேன். ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு துண்டை என் பக்கம் நீட்டினார். வாங்கிக்கொள்ளவில்லை. நேராகக் கேட்டேன்.

"ஆமாம்," என்றார். மறைக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. "அந்தப் பணம் இல்லேன்னா இந்த கிளப்பே இல்ல. எனக்கும் வேலை இல்ல."

"அப்போ ஒரு ஆட்டம்கூட நீங்களா என்னை எடுக்கலையா?"

கத்தியைத் துடைத்தார். "சில ஆட்டத்துல நானே உன்னை எடுத்திருப்பேன். எந்தெந்த ஆட்டம்னு மட்டும் கேக்காதே."

ஏன் கேட்கக் கூடாது? எனக்கு அது ஒன்றுதானே தெரிய வேண்டும்?

கதவு வரை வந்தபோது பின்னாலிருந்து சொன்னார்: "உடம்பு சரியா இருக்கற வரைக்கும்னுதான் போட்டிருக்கு. தொடையில வலின்னு நீ சொன்னா அதை யாரும் வெட்டிப் பார்க்கப் போறதில்ல. நான் சொல்லிக்கொடுத்ததா வெளிய சொல்லாதே."

ஏப்ரல் 4

அக்கா ஜிங்யாவிடம் சொன்னேன். தாலியானில் அப்பாவோடு இருந்து அவரையும் வீட்டையும் பார்த்துக்கொள்கிறவள். என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன்.

"கால்ல வலின்னு சொல்லிட்டு உட்கார்ந்துக்கப் போறேன். எனக்குன்னு கொஞ்சம் மானம் வேணாமா?"

"மானம் உனக்கு. இங்க ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவர் டிவி முன்னாடி உட்காருவாரே, அவருக்கு என்ன?"

"தசைப்பிடிப்புன்னு அவர்கிட்ட சொல்லிடு."

"பொய்யை என் வாயால சொல்ல வைக்காதே. நீயே சொல்லிக்கோ."

சொன்னேன். அப்பா நம்பினார். நான் சிறுவயதிலிருந்தே அவரிடம் பொய் சொன்னதில்லை, நம்பாமல் என்ன செய்வார்.

ஏப்ரல் 10, ஞாயிறு

மேலே பார்வையாளர் வரிசையில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தேன். லுமீர் ஆடினான். ஜெயித்தோம். முதல் கோல் அவன் தூக்கிக்கொடுத்த பந்து. அப்படி வளைத்துக் கொடுக்க எனக்கு வராது. ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்பாவின் போன்: "மாட்டு முழங்கால் எலும்பு அங்க கிடைக்குமா? இஞ்சி தட்டிப் போட்டு நாள் பூரா கொதிக்கவை. ஏசி காத்துல தொடையைக் காட்டாதே." கடைசியாக, போனை வைக்கப்போகிறவர்போல் விடைபெற்றுவிட்டு: "அடுத்த வாரம் இறங்கிடுவே இல்ல?"

ஏப்ரல் 17, ஞாயிறு

நான் ஆடமாட்டேன் என்று அப்பாவிடம் நேற்றே சொல்லியிருந்தேன். இன்றும் மேசையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாராம்.

"ஏன்ப்பா? நான்தான் இல்லையே."

"ஒருவேளை யாருக்காவது அடிபட்டு உன்னை இறக்கினா? அப்போ நான் பார்க்காம விட்டுட்டா?"

ஏப்ரல் 27

வோந்த்ரா கூப்பிட்டார். ஞாயிறு எதிர்த்து ஆடப்போகும் அணியின் வலது காவலன், என் பக்கம் தடுத்து ஆடுகிறவன், மெதுவானவனாம். கடைசி அரைமணி நேரம் அவனுக்கு எதிராக ஓட நான் வேண்டுமாம்.

"கம்பெனிக்காரங்க போன் பண்ணினாங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. நான் கேக்கறேன்."

"அதை நான் எப்படி நம்பறது?"

"நம்ப மாட்டே," என்றார். "அதுதான் உன் கஷ்டம். இனிமே நான் என்ன சொன்னாலும் நீ நம்பப்போறதில்ல."

வலி இன்னும் போகவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். நடந்து வரும்போது நிஜமாகவே காலை லேசாக இழுத்து நடப்பதைக் கவனித்தேன். யாருக்காக நடித்தேன்? தெருவில் ஆளே இல்லை.

மே 1, ஞாயிறு

தோற்றோம். அந்த வலது காவலன் உண்மையிலேயே மெதுவானவன்தான்.

மே 9

நேற்று மாலை அப்பாவுக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது.

ஜிங்யா அழாமல் சொன்னாள். அவள் அழாமல் பேசினால்தான் பயமாக இருக்கும். ஆட்டம் அப்போதுதான் தொடங்கியிருந்ததாம். "இன்னிக்காவது இறக்குவானுங்க" என்று யூ மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். அதற்குப் பிறகு ஏதோ சொன்னது குழறியிருக்கிறது. யூ மாமா விளையாட்டுக்குச் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்திருக்கிறார்.

"வரச் சொல்லலைன்னு அப்புறம் சொல்லாதே. வா."

நேற்று நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல கால். நல்ல காலை வைத்துக்கொண்டு.

மே 12, தாலியான்

ஆஸ்பத்திரி. வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. கையைப் பிடித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்த விதத்தில் எனக்கு ஒன்று புரிந்தது. டாக்டரிடம் கேட்கவில்லை.

ஜூன் 3

ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டோம். கம்பெனியிலிருந்து குவான் என்பவர் பேசினார். "கால் சரியாகாத ஆளை வெச்சுக்கிட்டு அவங்களும்தான் என்ன பண்ணுவாங்க," என்றார் பரிவாக. நான் சொன்ன பொய் என்னைவிட நன்றாக வேலை செய்கிறது.

வோந்த்ராவிடமிருந்து ஒரு செய்தி: அப்பாவைப் பார்த்துக்கொள். அவ்வளவுதான்.

ஜூன் 19, ஞாயிறு

அப்பாவுக்குப் பேச்சு திரும்பிவிட்டது. கோலூன்றி நடக்கிறார். ஜிங்யாவைத் தெரிகிறது, யூ மாமாவைத் தெரிகிறது. என்னை மட்டும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து உதவிக்கு அனுப்பிய ஆள் என்று நினைத்திருக்கிறார். மரியாதையாகப் பேசுகிறார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மாலை மேசையைத் தானே இழுக்கப் பார்த்தார். ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"தம்பி, அந்த டிவியைப் போடறீங்களா? என் பையன் ஆட்டம்."

இது ஆட்டம் இல்லாத மாதம் என்று சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினார். "கால்ல பிடிப்பு அவனுக்கு. சூப் போட்டுக் குடிக்கறானோ என்னவோ, சொன்னா கேக்க மாட்டான்."

ஜிங்யா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூலை 25

எங்கள் ஊர் கிளப் ஒன்று என்னை எடுத்துக்கொண்டிருக்கிறது. மூன்றாம் பிரிவு. பயிற்சியாளர் தெங் சுற்றி வளைக்காத ஆள்.

"வெளிநாடு போயிட்டு வந்தவனுங்களை எனக்குப் பிடிக்காது. உன்னைத் தவிர இடதுகால்காரன் கிடைக்கல, அதனால வா."

இதைவிட நல்ல வார்த்தையை நான் கேட்டு நாளாயிற்று.

ஆகஸ்ட் 14

சொந்த ஊர் ரசிகர்கள். பந்து என்னிடம் வரும்போதெல்லாம் வேலிப் பக்கமிருந்து ஒருவன் கத்தினான்: "திரும்பி வந்த சரக்குடா! கவரைப் பிரிச்சுட்டானுங்க, மாத்தித் தர மாட்டானுங்க!" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு பந்தைக் கோட்டை விட்டேன்.

செப்டம்பர் 11

கோல் போட்டேன். தலையால். நான் தலையால் கோல் போடுவேன் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள், நான் உட்பட. கத்திக்கொண்டிருந்த அந்த ஆள்கூட எழுந்து நின்றான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் நாற்காலி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சொன்னேன்: "இன்னிக்கு நான் கோல் போட்டேன்."

என் தோளைத் தட்டினார். "ரொம்ப நல்லது தம்பி. வீட்ல சொல்லுங்க. உங்கப்பா சந்தோஷப்படுவார்."

அக்டோபர் 16, ஞாயிறு

ஞாயிறு மாலைகள் அவருக்குத் தவிப்பாகிவிடுகின்றன. டிவியில் நான் வரவில்லை என்றால் எழுந்து நடக்கிறார், கதவைத் திறக்கிறார். சென்ற வாரம் இரண்டு முறை விழப்பார்த்தார். இன்று ஜிங்யாதான் யோசனை சொன்னாள். பழைய ஆட்டம் ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டோம். போன நவம்பரில், கொட்டும் மழையில் ஆடியது. அந்த ஆட்டங்கள் எதையும் திரும்பப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன்.

அப்பா அமைதியாகிவிட்டார். யூ மாமா இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். யூ மாமாவுக்கு எல்லாம் தெரியும். என்னைப் பார்க்காமல் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா என்னிடம் விளக்க ஆரம்பித்தார், ஆட்டம் தெரியாதவனுக்குச் சொல்வதுபோல.

"அந்த இடது ஓரத்துல ஓடறான் பாருங்க. வலது கால் வெறும் கட்டை. தூக்கிப் போடற பந்து பாதி வெளிய போயிடும். உயரமும் பத்தாது."

"அப்புறம் ஏன் அவனை எடுத்தாங்க?"

வாயிலிருந்து வந்துவிட்டது. யூ மாமா சட்டென்று திரும்பினார்.

அப்பா கோபப்படவில்லை. விரலைத் திரையை நோக்கி நீட்டினார். "பந்து கையை விட்டுப் போச்சு. மத்தவன்லாம் இடுப்புல கையை வெச்சு நிக்கறான். இவன் எங்க இருக்கான்? திரும்பி ஓடி வந்துட்டான். இந்தச் சேத்துல, இந்த மழையில இவனை விட்டுட்டு வேற யாரை எடுப்பீங்க?"

அந்த ஓட்டம் எனக்கு நினைவே இல்லை. திரையில் ஓடிக்கொண்டிருந்தது, சேறு பூசிய ஒருவன், தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு.

"யாரு அது?" என்றேன்.

"என் பையன். வெளிநாட்டுல ஆடறான்." பிறகு என்னைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தார். "உங்களுக்கு ஆட்டம் தெரியுமா தம்பி?"

"கொஞ்சம் தெரியும்."

"உட்காருங்க. பார்த்தா தெரிஞ்சுடும்."

டிசம்பர் 20

கிளப்பை மூடிவிட்டார்கள். ஒரு பக்கத்தில் அறிவிப்பு வந்தது. தெங் எல்லோருக்கும் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார். அவரும் சாப்பிட்டார்.

2017 ஜனவரி 28, வசந்த விழா

வஞ்சிர மீன் வைத்துக் கொழுக்கட்டை பிடித்தோம். அப்பா ஒன்றை மட்டும் சாப்பிட்டார். இன்னொன்றை எடுத்து என் தட்டில் வைத்தார். "உங்களையும் பண்டிகைக்கு வீட்டுக்கு விடலையா?" என்று கேட்டார்.

விட்டுவிட்டார்கள் என்றேன்.

பிப்ரவரி 14

அப்பா போய்விட்டார். காலையில். கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். என்னை யார் என்று நினைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாரோ, தெரியாது. ஆனால் இறுக்கமாகத்தான் பிடித்திருந்தார்.

பிப்ரவரி 19, ஞாயிறு

சாயங்காலம் யூ மாமா வழக்கம்போல் மேலே வந்துவிட்டார். கதவுக்கு வெளியே நின்றபிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஜிங்யா உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தாள்.

ஏப்ரல் 4

கல்லறையைக் கழுவிவிட்டு வந்தோம். பீர் ஊற்றினேன். கால் நன்றாகத்தான் இருந்தது அப்பா என்று சொன்னேன். ஜிங்யா கேட்டும் கேட்காததுபோல் பூக்களைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

ஏப்ரல் 9, ஞாயிறு

வீட்டில் இருக்க முடியவில்லை. துறைமுகத்துப் பக்கம் நடந்தேன். கிரேன்களுக்குக் கீழே ஒரு செயற்கைப் புல் மைதானம். டாக்சி ஓட்டுகிறவர்கள், மீன் சந்தையில் வேலை செய்கிறவர்கள், கூடி ஆடுவார்கள் போல. ஆள் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆள் குறைந்தது. ஓர் அணிக்குத் தலைவரான வழுக்கைத் தலை ஒருவர் என்னைப் பார்த்து, "ஆடுவியா?" என்றார்.

நின்றேன். என்னை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. எதிரணித் தலைவன் முதலில் ஒரு தொப்பைக்காரனை எடுத்தான். அப்புறம் கண்ணாடி போட்ட ஒருவனை. கடைசியில் நானும் ஒரு கிழவரும்தான் மிச்சம். வழுக்கைத் தலைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார்.

"நீ வா," என்றார் என்னைப் பார்த்து. "எந்தப் பக்கம் ஆடுவே?"

"இடது பக்கம்."

"சரி, போ."

போனேன். இருட்டும் வரை ஆடினோம். அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.