முதல் சுற்றில் ஒரு துளை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ போனை எடுப்பதில்லை. கடிதத்தையாவது பிரிப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்குக் கண் கட்டு அவிழ்த்தாயிற்று. நன்றாகத் தெரிகிறதாம். "சின்னவன் ஏன் ஒரு போன்கூடப் பண்ணலை?" என்று தினமும் கேட்கிறாள். வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தோல் ஆலையின் கழிவுத் தொட்டிக் காற்றாடி மோட்டார் மூன்றாவது முறையாக எரிந்து என் பட்டறைக்கு வந்திருக்கிறது. தொட்டி கழுவ இரண்டு பேர் இறங்கியிருந்தபோது காற்றாடி நின்று, உள்ளே விஷ வாயு சேர்ந்துவிட்டது. ஒருவர் எப்படியோ ஏறிவிட்டார். மற்றவரைக் கயிறு கட்டித்தான் தூக்கினார்கள். உயிர் இல்லை. மோட்டாருக்குள் நான் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டியது சரியில்லை என்று ஆலைக்காரர்கள் சொல்கிறார்கள்.

பிரித்துப் பார்த்தேன். சுமை தாங்காமல் எரிந்திருந்தால் காயில் முழுக்கக் கரியாகியிருக்கும். இது அப்படி இல்லை. முதல் சுற்றில் மட்டும் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை. அது என்னவென்று உனக்கே தெரியும். மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்க நீ மாட்டிய டிரைவ் மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்புகிறது. தொண்ணூறு மீட்டர் கேபிளில் ஓடி வந்து, மோட்டார் வாசலில் அது இரண்டு மடங்காக அடிக்கிறது. அந்த அடியெல்லாம் முதல் சுற்றுகளின் மேல்தான். முதல் தடவை எரிந்தபோதே அந்த அடியைத் தணிக்க ஃபில்டர் போடச் சொன்னேன். "அதெல்லாம் சும்மா பயமுறுத்தச் சொல்றது அக்கா, ஓடுற மோட்டார் ஓடும்" என்று சிரித்தாய். ஆனால் வேலை முடித்த தாளில் ஃபில்டர் போட்டதாக எழுதியிருக்கிறாய். கீழே உன் கையெழுத்து.

என் மேலும் தப்பு இருக்கிறது. இரண்டாம் தடவை, டிரைவுக்கென்றே வரும் கெட்டிப் பூச்சுக் கம்பியில் கட்டியிருக்க வேண்டும். அது வரப் பத்து நாள் ஆகும். அவர்கள் அவசரப்படுத்தினார்கள், சாதாரணக் கம்பியில் கட்டிக் கொடுத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை இறந்தவரின் மனைவி பட்டறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "நீங்க கட்டின மோட்டார்தானாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிரித்துப் போட்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வியாழக்கிழமை விசாரணை. காயிலை எடுத்துக்கொண்டு போகிறேன். கம்பியைப் பற்றி நானே சொல்லிவிடுவேன். ஃபில்டரைப் பற்றிக் கேட்டால் பொய் சொல்ல எனக்கு வாய் வராது. "கூடப் பொறந்தவனைக் காட்டிக் குடுக்கப் போறியா?" என்று உன் மாமா நேற்று முழுக்கக் கத்தினார்.

என் வாயால் அது வர வேண்டாம், தம்பி. நீயே வந்து சொல். வேறு எந்தெந்த இடத்தில் ஃபில்டர் போடாமல் விட்டாய் என்று எழுதி எடுத்து வா. அங்கேயும் ஆட்கள் இறங்குவார்கள்.

புதன்கிழமையே வந்துவிடு. அம்மா உன்னைக் கண்ணாரப் பார்க்கட்டும். காலையில் வெறும் வயிற்றோடு அங்கே போக வேண்டாம். உனக்கும் சேர்த்துத்தான் உலை வைப்பேன். உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அக்கா