தலையணைக் குளியல்

என் செல்லத்துக்கு,

முழங்காலைப் பற்றி அப்பா போனில் ஏதாவது அளந்திருப்பார், பாதியைத் தள்ளிவிடு. மாடிப்படிப் பக்கம் நான் போவதில்லை, அவ்வளவுதான். துணி காயப்போடுவது இப்போது அவர் வேலை. சட்டைகள் கோணல்மாணலாகத் தொங்குகின்றன, நான் வாயே திறப்பதில்லை. உன் தம்பி தன் தட்டைத் தானே கழுவுகிறான். உலகம் ஒன்றும் இடிந்துவிடவில்லை.

ஆனால் பிரசவத்துக்கு நான் அங்கே வர முடியாதடி. மூன்றாவது மாடி, லிஃப்டும் கிடையாது. "அப்போ குழந்தைய யாரும்மா குளிப்பாட்டுவாங்க?" என்று நீ அழுதது காதிலேயே நிற்கிறது.

நேற்று குளியலறையில் இரண்டு ஸ்டூல்களை எதிரெதிரே போட்டேன். ஒன்றில் உட்கார்ந்து, மற்றதில் காலை நீட்டி, தலையணையைக் கிடத்திச் சோப்புப் போட்டேன்.

"உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்றார் அப்பா. அப்புறம் அவரே தண்ணீர் ஊற்றினார். பாதியில், "தலையப் பிடி, தலையப் பிடி, நழுவுது பாரு!" என்று ஒரே கத்தல்.

குழந்தையைக் குளிப்பாட்ட நீட்டிய கால்தானே வேண்டும்? மடங்கத்தான் இதுகளுக்கு மனசில்லை; நீட்டினால் நீட்டியபடி சமர்த்தாக இருக்கின்றன.

நீ இங்கே வந்துவிடு. கீழ் அறையை ஒழித்துவைத்தாயிற்று. தலையணைதான் இன்னும் காயவில்லை.

உனக்காகக் காலை நீட்டிக் காத்திருக்கும்,
அம்மா